வாடகைக் கார் எண்ணும் வினா 441-உம்

பந்திங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப்போட்டி என்றால் கணிதமேதை இராமானுஜன் மேடையேறாமல் இருப்பதில்லை. அவர் மேடையேறியதும் வாடகைக் கார் ஒன்றும் பின்னாலேயே வந்துவிடும். இங்கிலாந்தில் நோயுற்றுப் படுத்திருக்கிறார் இராமானுஜன். அவரைக் காணப் பேராசிரியர் ஹார்டி வருகிறார். தாம் ஏறிவந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் சொல்கிறார். அப்படியன்று, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று நோயாளி விடை கூறுகிறார். கரவொலி எழுகிறது. பேச்சாளர் அடுத்த வாக்கியத்தில் தமிழன் மூளைக்கு ஈடு இணை இல்லை என்று முடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்.

கதை பொய்யன்று. மாணவர் பேசுவதிலும் குற்றமில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் பேசுகிறார்கள். கரவொலிக்கு முன்னால் எழவேண்டிய ஒரு கேள்வி எழுவதே இல்லை என்பதுதான் குறை. அந்த விடை இராமானுஜனுக்கு எப்படித் தெரிந்தது? மேடைப் பேச்சில் மட்டுமன்று. மலர்களிலும் சிறுவர் நூல்களிலும் தமிழில் இக்கதையை எழுதினோர் பெரும்பாலோர் இக்கேள்வியைத் தாண்டியே சென்றிருக்கின்றனர். தாண்டிச் சென்ற இடத்தில் ஏதாவது ஒன்றை வைத்து நிரப்பவேண்டும் அல்லவா? அங்கே தெய்வ அருள், பிறவி ஞானம், கண் இமைக்கும் நேரம் என்பன வந்து அமர்ந்துவிட்டன.

கதையின் மூலத்தைப் பார்ப்பது நல்லது. இராமானுஜன் மறைந்த மறு ஆண்டு, அதாவது 1921இல் வெளிவந்த இரங்கற் கட்டுரையில் ஹார்டி இதைச் சில வரிகளில் எழுதியிருக்கிறார். லண்டனைச் சேர்ந்த புட்னியில் இராமானுஜன் நோயாய் இருந்தபோது பார்க்கச் சென்றாராம். காரின் எண் சுவையற்றதாய்ப் பட்டதாம். அது தீய நிமித்தமாக இராது என்று நம்புவதாகச் சொன்னாராம். இராமானுஜன் மறுத்து விடை சொன்னார் என்பதோடு நிகழ்ச்சியின் முதற்பாதி முடிகிறது. கண் இமைக்கும் நேரம் என்பது அதில் இல்லை. மரணப் படுக்கையும் இல்லை. இராமானுஜன் 1919இல் தாயகம் திரும்பி, சென்னைச் சேத்துப்பட்டில் 1920 ஏப்ரல் 26இல்தான் காலமானார். புட்னியை மரணப் படுக்கை ஆக்கியது கதை சொன்னவர்களின் கைவண்ணம்.

நிமித்தம் என்ற சொல்லைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். விடக்கூடாத சொல் அது. கடவுள் நம்பிக்கை அற்றவர் என்று பெயர்பெற்ற ஹார்டி, விளையாட்டாகத்தான் என்றாலும், நிமித்தத்தைப் பற்றிப் பேசுகிறார். நாமகிரித் தாயாரை வழிபட்ட குடும்பத்தில் பிறந்த இராமானுஜனோ எண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறார். தமிழ் மேடையில் இருவரும் இடம் மாறி நிற்கின்றனர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஹார்டி அந்த எண்ணைச் சுவையற்றது என்று சும்மா சொல்லவில்லை. 7, 13, 19 ஆகிய மூன்றின் பெருக்கம் என்ற வடிவில் அதை அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். ஓர் எண்ணைக் கண்டதும் அதன் காரணிகளைத் தேடுவது ஹார்டியின் பழக்கம். இராமானுஜன் நினைத்துப் பார்த்தது கனங்களை. ஏன் கனங்களை நினைத்தார் என்று கேட்டால்தான் விடையின் வேர் தெரியும்.

கணக்கை மறந்துவிட்ட வாசகருக்காக ஒரு சொல். ஓர் எண்ணை மும்முறை வைத்துப் பெருக்கினால் வருவது அதன் கனம். 2-இன் கனம் 8. 3-இன் கனம் 27. ஒன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள எண்களின் கனங்கள் 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000, 1331, 1728. இவற்றுள் 1728-உடன் 1-ஐக் கூட்டினால் 1729. 1000-உடன் 729-ஐக் கூட்டினாலும் 1729. இவ்வளவுதான் செய்தி. மிகச் சிறியது என்பதைச் சரிபார்க்கவும் தெய்வ அருள் வேண்டியதில்லை. இப்பன்னிரண்டு கனங்களை இரண்டிரண்டாகக் கூட்டினால், ஒன்றையே இருமுறை எடுப்பதையும் சேர்த்து, 78 கூட்டுத்தொகைகள் வரும். எழுதிப் பார்த்தால் இருமுறை வரும் தொகை ஒன்றே ஒன்றுதான். ஆறாம் ஆண்டு மாணவன் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவான்.

கதை சொல்வோர் பலர் நழுவவிடும் ஒரு நிபந்தனையையும் அவனே கண்டுபிடிக்கக்கூடும். கனங்கள் நேர் எண்களின் கனங்களாக இருக்கவேண்டும். கழித்தலுக்கும் இடம் கொடுத்தால் 1729 தன் சிறப்பை இழந்துவிடும். ஏனெனில் 91 என்பது 27, 64 ஆகியவற்றின் கூட்டல். 216-இலிருந்து 125-ஐக் கழித்தாலும் அதே 91. வேடிக்கை என்னவெனில், பொறுக்கி எடுத்த 3, 4, 5, 6 என்ற நான்கு எண்களும் வரிசையாக நிற்கின்றன. 3, 4, 5 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 27, 64, 125, ஆகமொத்தம் 216. அது 6-இன் கனம். சிறு மரக்கட்டைகள் 216-ஐக் கொண்டு ஆறு கட்டை நீளம், அகலம், உயரமுள்ள ஒரு பெரிய கட்டையை அடுக்கி, பின்னர் அதைக் கலைத்து மூன்று சிறிய கட்டைகளாகக் குறையாமல் மிஞ்சாமல் அடுக்கிக் காட்டலாம். வகுப்பறையில் இதைவிட நல்ல காட்சி கிடைப்பது அரிது.

இராமானுஜன் தொடங்கியதும் இந்த இடத்தில்தான். அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912இல் எழுத்தராக அமர்ந்தார். இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர் விடைகாணும்படி வினாக்கள் வெளியாவது வழக்கம். அதற்கு அவர் பல வினாக்களை அனுப்பினார். அவற்றுள் 1913இல் வெளிவந்தது 441ஆம் வினா. இரண்டு எண்களை க, ச என்று வைத்துக்கொண்டால் அவ்வினா சொல்வது இது:

(3க² + 5கச − 5ச²)³ + (4க² − 4கச + 6ச²)³ + (5க² − 5கச − 3ச²)³ = (6க² − 4கச + 4ச²)³

இது மெய் என்று காட்டுக; இதுபோல வேறு கோவைகளும் காண்க என்பது வினா. பார்த்தவுடன் மிரள வேண்டாம். க என்ற இடத்தில் 1, ச என்ற இடத்தில் 0 வைத்தால் மேலே கண்ட 3, 4, 5, 6 வந்துவிடும். அடைப்புக்குள் முதலில் நிற்கும் எண்களைப் பார்த்தாலே போதும். அதை மறைக்க இராமானுஜன் முயலவில்லை. க-வுக்கு 2, ச-வுக்கு 1 வைத்தால் 17, 14, 7, 20. அதாவது 4913, 2744, 343 மூன்றும் சேர்ந்து 8000. க-வுக்கு 3, ச-வுக்கு 1 வைத்தால் 37, 30, 27, 46. ஒரே வரியில் முடிவில்லாத ஓர் ஊற்று.

இனி வாசகர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு க-வுக்கு 1, ச-வுக்கு −2 என வைத்துப் பார்ப்பாராக. முதல் அடைப்பில் 3 − 10 − 20, ஆக −27. இரண்டாவதில் 4 + 8 + 24, ஆக 36. மூன்றாவதில் 5 + 10 − 12, ஆக 3. வலப்புறத்தில் 6 + 8 + 16, ஆக 30. நான்கும் 3-ஆல் வகுபடும். வகுத்தால் −9, 12, 1, 10. குறைக்குறி பெற்ற 9-ஐ மறுபுறம் கொண்டுசென்றால் 12³ + 1³ = 9³ + 10³ என்று வரும்.

வாடகைக் காரின் எண் இதுவே. ஹார்டி அந்தக் காரில் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இராமானுஜன் 1914இல் கப்பலேறுவதற்கும் முன்பே, அது சென்னையிலிருந்து வெளியான ஒரு வரிக்குள் இருந்தது. இந்தியாவில் எழுதிய குறிப்பேடுகளிலும் 1, 12, 9, 10 என்ற நால்வரையும் அவர் வெளிப்படையாகவே குறித்து வைத்திருக்கிறார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அக்குறிப்பேடுகளை 1957இல் அவர் கையெழுத்திலேயே அச்சிட்டு வெளியிட்டது. ஆகவே புட்னியில் நடந்தது கண்டுபிடிப்பு அன்று. பழகிய முகம் ஒன்று தெருவில் எதிர்ப்பட்டபோது பெயர் சொல்லி அழைத்தார், அவ்வளவே. ஒவ்வோர் எண்ணும் இராமானுஜனுக்கு நண்பர் என்று லிட்டில்வுட் சொன்னதாக ஒரு பாராட்டு உண்டு. அதை எடுத்தாளுவோர் நட்பு எவ்வளவு நாள் பழகி வளர்ந்தது என்று சொல்வதில்லை.

அந்த எண்ணைக் கண்டவர் இராமானுஜனே என்று எழுதுவோரும் தவறுகின்றனர். பிரான்சு நாட்டு பிரெனிக்கிள் 1657இலேயே அதை அறிந்திருந்தார். இதனால் இராமானுஜனுக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. எண் அவருடையது அன்று. எண்ணைத் தன் வயிற்றில் கொண்ட முற்றொருமை அவருடையது. தமிழர் எண்ணைக் கொண்டாடிவிட்டு முற்றொருமையைக் கைவிட்டுவிட்டனர்.

இராமானுஜன் கனங்களை ஏன் இப்படித் துருவினார்? 1729-ஐ இருவகைக் கூட்டல் என்று பார்ப்பது ஒரு பார்வை. வேறொரு பார்வையும் உண்டு. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 12-இன் கனத்தைவிட ஒன்றே ஒன்று கூடுகிறது. இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை மற்றொரு கனமாக ஒருபோதும் ஆகாது. நான்காம் அடுக்கானாலும், ஐந்தாம் அடுக்கானாலும், அதற்கு மேல் எதுவானாலும் அவ்வாறே என்று 17ஆம் நூற்றாண்டில் பெர்மா எழுதிவைத்துப் போனார். கனத்துக்கு மட்டும் 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வழி கண்டார். எல்லா அடுக்குக்கும் நிறுவல் கிடைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆண்ட்ரு வைல்சின் கட்டுரைகள் வெளிவந்தது அவ்வாண்டில். ஆகவே 1729 என்பது பெர்மா போட்ட வேலியில் ஒரு விரற்கடை இடைவெளி. வேலியைத் தாண்ட முடியாது. வேலிக்கு எவ்வளவு அருகில் போகலாம்? ஒன்று குறையாக, ஒன்று கூடுதலாக எத்தனை இடத்தில் போய் நிற்கலாம்?

இராமானுஜன் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தில் இதற்கு விடை இருக்கிறது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்கள் தொலைந்த குறிப்பேடு எனப் பெயர் பெற்றன. அவற்றையும் அச்சேறாத பிற தாள்களையும் சேர்த்து நூற்றாண்டை ஒட்டி வெளியிட்ட தொகுதியில் அப்பக்கம் உள்ளது. மூன்று பின்னங்களை எழுதி, அவற்றை விரித்தால் மூன்று எண்வரிசைகள் கிடைக்கும் என்கிறார். பின்னங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், வரிசைகளே போதும். முதல் வரிசை 1, 135, 11161. இரண்டாம் வரிசை 2, 138, 11468. மூன்றாம் வரிசை 2, 172, 14258. முதல் வரிசையிலும் இரண்டாம் வரிசையிலும் ஒரே இடத்தில் நிற்கும் எண்களின் கனங்களைக் கூட்டினால், மூன்றாம் வரிசையில் அதே இடத்தில் நிற்கும் எண்ணின் கனத்துக்கு ஒன்று கூடவோ குறையவோ வரும். 135-இன் கனம் 24,60,375. 138-இன் கனம் 26,28,072. இரண்டும் சேர்ந்து 50,88,447. 172-இன் கனமோ 50,88,448. ஒன்று குறைவு. அடுத்த மூவரில் ஒன்று கூடும். அதற்கடுத்த மூவரில் ஒன்று குறையும். இப்படியே மாறிமாறி முடிவின்றிச் செல்லும்.

வரிசையை நீட்டும் வழியும் எளியது. கடைசி இரண்டு எண்களையும் கூட்டி 82-ஆல் பெருக்குக. அவற்றுக்கு முந்தியதைக் கழிக்க. முதல் வரிசையில் 11161, 135 இரண்டையும் கூட்டி 82-ஆல் பெருக்கி 1-ஐக் கழித்தால் 9,26,271 கிடைக்கும். மற்ற இரண்டிலும் அவ்வாறே செய்தால் 9,51,690-உம் 11,83,258-உம் வரும். இவற்றின் கனங்கள் பதினெட்டு, பத்தொன்பது இலக்கங்கள் உடையவை. அவ்வளவு பெரிய எண்களில் வேறுபாடு ஒன்றே ஒன்று.

அதே விதியைப் பின்னோக்கி நடத்தினால் என்ன ஆகும்? அதாவது 1-க்கு முன்னால் எந்த எண் இருந்திருக்க வேண்டும்? 135-உம் 1-உம் சேர்ந்து 136. அதை 82-ஆல் பெருக்க 11152. அதிலிருந்து 11161 போக −9. இரண்டாம் வரிசையில் 138-உம் 2-உம் 140. 82-ஆல் பெருக்க 11480. 11468 போக 12. மூன்றாம் வரிசையில் 172-உம் 2-உம் 174. 82-ஆல் பெருக்க 14268. 14258 போக 10. மறுபடியும் −9, 12, 10. வாசலுக்கு ஓரடி பின்னால் அதே வாடகைக் கார் நின்றுகொண்டிருக்கிறது. பக்கத்தின் கீழ்ப்பகுதியில் எடுத்துக்காட்டுகளைத் தரும்போது இராமானுஜன் 9³ + 10³ = 12³ + 1 என்பதையும் எழுதியிருக்கிறார். இருவகைக் கூட்டல் என்று அன்று. பெர்மாவுக்கு ஒன்று தவறியது என்ற வடிவில்.

இந்தப் பக்கத்தைப் படித்தபின் புட்னிக் கதையைப் படித்தால் கதை சிறுத்துப்போகவில்லை. அது பெரிதாகிறது. நோயிலும் விட்டுப்போகாத ஓர் உழைப்பின் ஓரம் அதில் தெரிகிறது.

உழைப்பு என்ற சொல்லைத் தமிழ்க் கதாசிரியர்கள் இராமானுஜனுக்கு ஏன் மறுக்கின்றனர் என்பது விளங்கவில்லை. அவர் சிலேட்டில் கணக்கெழுதி முழங்கையால் அழித்து அழித்து எழுதினார் என்பது எல்லாருக்கும் தெரியும். தாள் வாங்கப் பணமில்லை. ஆகவே முடிவுகள் மட்டும் குறிப்பேட்டுக்கு ஏறின. வழிகள் சிலேட்டோடு அழிந்தன. வழி தெரியாத முடிவைக் கண்டவர்கள் அருள்வாக்கு என்றனர். இதில் ஹார்டிக்கும் பங்கு உண்டு என்று சிலர் குறை கூறுவர். ஆனால் 1940இல் வெளியிட்ட நூலில் ஹார்டி தம் பழைய மிகையுரைகளுக்கு வருந்தி, இராமானுஜனைக் கீழ்நாட்டு மாயாவியாகக் காண்பதை மறுத்து, அறிவின்வழி நடந்த மனிதராகவே அவரைக் காட்டியிருக்கிறார். அயலார் திரும்பப் பெற்றுக்கொண்ட மிகையைத் தமிழர் இன்னும் காப்பாற்றி வருகின்றனர்.

மலேசியாவில் இது வெறும் ரசனைக் குறையாக நின்றுவிடவில்லை. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற திட்டம் 2003இல் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. அதைக் கைவிடுவது என்று அரசு 2009இல் முடிவு செய்தது. பின்னர் இருமொழிப் பாடத்திட்டம் என்ற பெயரில் வழக்கு மறுபடி எழுந்தது. இவ்விரு வேளைகளிலும் தமிழிலேயே கணிதம் வேண்டும் என்று வாதாடியவர்கள் இராமானுஜன் பெயரைக் கொடியாகப் பிடித்தனர். அவர்கள் வேண்டியது நியாயமானது. ஆனால் கொடியில் இருந்தது பெயர் மட்டுமே. அவர் தம் கணிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதினார் என்று எதிர்த்தரப்பார் ஒரு சொல்லில் மடக்கிவிடலாம். 441ஆம் வினாவை நல்ல தமிழில் விளக்கி, க-வுக்கும் ச-வுக்கும் எண் வைத்துப் பார்க்கச் சொல்லும் இரண்டு பக்கம் மாணவர் கையில் இருந்திருந்தால் அந்த வாதத்துக்கு அதுவே விடையாக இருந்திருக்கும். கனம், அடுக்கு, முற்றொருமை, சமன்பாடு என எல்லாச் சொற்களும் தமிழில் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கின்றன.

கதைக்கு அடிமைப்பட்டதன் மற்றொரு விளைவு, கதை இல்லாதவரை மறந்தது. இதே துறையில், ஒத்த அடுக்குகளின் கூட்டலில், மற்றொரு தமிழர் உலகம் ஒப்பும் முடிவை நிறுவினார். குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை அவர். எஸ். எஸ். பிள்ளை என்றால் கணித உலகம் அறியும். பந்திங்கில் கேட்டால் யாரென்பர். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைச் செங்கோட்டையில் சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைதூக்கிவிட்டுப் படிக்கவைத்தார். பின்னர் 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி 1770இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் விட்டுச்சென்றது. எந்த எண்ணையும் கனங்களின் கூட்டலாக எழுத அதிகம்போனால் எத்தனை கனங்கள் தேவை? 23-ஐ எடுத்துக்கொள்க. 27 அதற்குமேல் போய்விடுவதால் 8-உம் 1-உமே உதவும். எட்டு இரண்டு, ஒன்று ஏழு, ஆக ஒன்பது. ஒன்பதுக்கு மேல் எந்த எண்ணுக்கும் வேண்டாம் என்பது 1909இல் வீபரிக் தொடங்கிவைத்த நிறுவல். ஆறாம் அடுக்குக்கு 703 என்ற எண்ணைப் பார்க்கலாம். 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729, அது எட்டாது. 64 பத்துமுறை, மீதி 63 ஒன்றுகள், ஆக 73. எழுபத்து மூன்றே எல்லா எண்களுக்கும் போதும் என்று 1940இல் நிறுவியவர் பிள்ளை. ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளுக்கும், அமெரிக்காவில் டிக்சன் கண்டதைத் தாமும் தனியே கண்டார். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964இல் சீனத்துச் சென் ஜிங்ருன் முடித்தார். நான்காம் அடுக்குதான் எல்லாருக்கும் போக்குக் காட்டியது. அதற்கு 19 என்று 1986இல் முடித்த மூவருள் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிலையத்து இரா. பாலசுப்பிரமணியன்; மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர்களான தேசுயே, திரெஸ்.

பிள்ளை 1950 ஆகஸ்டில் அமெரிக்காவில் கூடவிருந்த அனைத்துலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். கெய்ரோவுக்கு அருகே விமானம் விபத்துக்குள்ளாகி உயிர் துறந்தார். அவருடைய கட்டுரைகள் முழுத் தொகுதியாக 2010இல்தான் வெளிவந்தன. அவரைக் காண எந்தப் பேராசிரியரும் காரில் வந்ததாகக் கதை இல்லை. ஆகவே பேச்சுப்போட்டியிலும் இடமில்லை.

இறுதியாக, ஹார்டி எழுதிய நிகழ்ச்சியின் மறுபாதி. மேடைகளில் அது சொல்லப்படுவதே இல்லை. இராமானுஜன் விடை சொன்னதும் ஹார்டி சும்மா இருக்கவில்லை. நான்காம் அடுக்கில் அவ்வாறு இருவகையில் எழுதக்கூடிய எண் எது என்று கேட்டார். இராமானுஜன் சற்று எண்ணிப் பார்த்து, எடுத்துக்காட்டு உடனே தோன்றவில்லை என்றும், அப்படிப்பட்ட எண்களுள் முதலாவது மிகப் பெரியதாக இருக்கும் என்றும் சொன்னார். தெரியாதது என்று ஒன்றும் இல்லாத அற்புதர் இவ்வாறு சொல்லமாட்டார் என்பதனாலோ என்னவோ, கதாசிரியர்கள் முன்னதாகவே திரையை இழுத்துவிடுகின்றனர். அவர் சொன்னது சரி. ஆய்லர் அறிந்திருந்த அந்த எண் 63,53,18,657. ஒருபுறம் 134, 133 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகள். மறுபுறம் 158, 59 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகள்.

அந்த ஆய்லரே ஓர் இடத்தில் சறுக்கினார். ஓர் எண்ணின் நான்காம் அடுக்கைப் பெற நான்கு நான்காம் அடுக்குகளாவது, ஐந்தாம் அடுக்கைப் பெற ஐந்து ஐந்தாம் அடுக்குகளாவது வேண்டும் என்று 1769இல் ஊகித்தார். இருநூறு ஆண்டுகள் அதை யாரும் அசைக்கவில்லை. 1966இல் லாண்டர், பார்க்கின் என்ற இருவர் கணினியில் தேடி 27, 84, 110, 133 என்ற நான்கின் ஐந்தாம் அடுக்குகள் சேர்ந்து 144-இன் ஐந்தாம் அடுக்கு ஆவதைக் கண்டனர். அவர்கள் வெளியிட்ட கட்டுரை இரண்டே வாக்கியம். நான்காம் அடுக்கில் 1988இல் எல்கிஸ் ஊகத்தை உடைத்தார். அவர் வழியைப் பின்பற்றி 95800, 217519, 414560 ஆகிய மூன்றின் நான்காம் அடுக்குகள் 422481-இன் நான்காம் அடுக்கு ஆவதைப் பிரை கண்டார். அதுவே மிகச் சிறியது.

ஹார்டியின் கேள்வியை ஒரு படி உயர்த்தினால் ஐந்தாம் அடுக்கு வருகிறது. இரண்டு ஐந்தாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதக்கூடிய எண் உண்டா? கணினிகள் நெடுந்தூரம் தேடிப் பார்த்துவிட்டன. இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. இல்லை என்று நிறுவியவரும் இல்லை.